சிவப்புக் கோட்டும் ஒரு தாடியும்

ஆதிகேசவன் அண்ணனோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பாருங்கள். மாப்பிள்ளை யார், பெண் யார் என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது. மாப்பிள்ளையின் ஷூவைத்தான் பார்ப்பார். இடது கால் நுனியில் தையல் ஒரு நூல் விலகியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு, பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்து முடிக்கும்வரை அதையே பேசிக்கொண்டிருப்பார். இவரை அழைத்துக்கொண்டு நாலு இடத்துக்குப் போக முடியவில்லை என்று அவர் மனைவி யோகலட்சுமி அண்ணி என்னிடம் பலமுறை நொந்துகொண்டிருக்கிறார்.

மாதனூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் மெஷின் ஓட்டுகிறேன். ஆதி அண்ணன் அங்கே செக்கிங். நாங்கள் தைத்து முடிக்கும் ஷூ மேல்தோல் எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். தப்பு இருக்கிற இடத்தில் சிவப்பு நிறத்தில் சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்புவார். திட்ட மாட்டார், பேச மாட்டார், அம்பு மட்டும் வரும். அதனால் அவருக்கு அம்பு அண்ணன் என்றே பேர். என் மேஜைக்கு அம்பு வந்த நாட்களில் அவரை நான் மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் எழுத முடியாது. ஆனால் அவர் ஒட்டிய இடத்தில் தப்பு இல்லாமல் இருந்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவருக்கு முதலில் இந்த வேலையில் ஆசை இல்லை. பன்னிரண்டாவது முடித்த கையோடு பட்டாளத்தில் சேர வேலூரில் நடந்த ஆள் எடுப்புக்குப் போனவர். ஓட்டத்தில் தேறினார், எழுத்தில் தேறினார், மார்பு அளக்கும்போது நாடா கொஞ்சம் போதவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்தும் போதவில்லை. அளந்தவர் ஒரு வார்த்தை பேசாமல் கையைக் காட்டி அந்தப் பக்கம் போகச் சொன்னாராம். கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, கம்பெனி பஸ் வீட்டு வாசலிலேயே நிற்கிறதே, அதில் ஏறு என்றார். ஏறியவர்தான், இன்றுவரை இறங்கவில்லை. ஒரு கை அசைப்பில் தள்ளப்பட்ட மனிதர் பிறகு ஒரு ஸ்டிக்கரில் மற்றவர்களைத் தள்ளும் வேலைக்கு வந்து சேர்ந்தார் என்று நான் கிண்டல் செய்வேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு எப்போதும் கஷ்டமாகத்தான் இருக்கும்.

யூனிஃபார்ம் பைத்தியம் அவருக்குப் பிடித்தது ஒரு வெளிநாட்டு ஆர்டரால். பழைய காலத்துப் பட்டாளத்துத் தோல் சாமான்கள்: மார்பில் குறுக்கே போடுகிற வெள்ளை வார், தோட்டாப் பை, இடது வலது வித்தியாசமே இல்லாத பூட்ஸ். இதையெல்லாம் இந்தக் காலத்தில் யார் வாங்குவார்கள் என்று நாங்கள் கேட்டோம். அங்கே ஒரு கூட்டம் இருக்கிறதாம். வாரம் முழுவதும் ஆபீஸ் போய்விட்டு, லீவு நாளில் இருநூறு வருஷத்துக்கு முந்தைய ரெஜிமென்ட் உடையை மாட்டிக்கொண்டு வயலில் நின்று பொய்ச் சண்டை போடுவார்களாம். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். முதல் லோடு அப்படியே திரும்பி வந்தபோது சிரிப்பு நின்றது. தையல் நெருக்கமாக இருக்கிறது, அந்தக் காலத்துத் தையல் இதைவிட அகலம் என்று எழுதியிருந்தார்கள்.

எல்லோருக்கும் தலைவலி. ஆதி அண்ணனுக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. தன்னைவிட மோசமாக அம்பு ஒட்டுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர்களுடைய வாட்ஸ்அப் குழு ஒன்றில் எப்படியோ இடம் பிடித்துவிட்டார். பொத்தானில் எத்தனை ஓட்டை, காலரின் உயரம் காது வரையா தாடை வரையா என்று அங்கே விடிய விடியச் சண்டை நடக்கும். இவர் பஸ்ஸில் அதைப் படித்துக்கொண்டே வருவார்.

எங்களுக்கு ஒரு நாடகக் குழு உண்டு. கம்பெனி ஆட்கள்தான், எழுதி நடத்துவது ஆதி அண்ணன். வருஷா வருஷம் ஜூலை பத்தாம் தேதி, வேலூர்ப் புரட்சி நாளன்று, கோட்டைக்கு வெளியே ஒரு சிறிய மேடையில் அரை மணி நேரம் நடிப்போம். ஆயிரத்து எண்ணூற்று ஆறில் சிப்பாய்கள் எதற்காகக் கிளம்பினார்கள் என்பது எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். நெற்றியில் குறி வைக்காதே, காதில் கடுக்கன் போடாதே, தாடியை மழி, மீசையை ஒரே மாதிரி வெட்டு, தோல் பூ குத்திய இந்தப் புதுத் தொப்பியைத் தலையில் வை என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் உத்தரவு போட்டான். அங்கிருந்து பற்றியது. இந்தக் கதையைக் காக்கிச் சட்டையும் போலீஸ் பெல்ட்டும் வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு பல வருஷம் நடித்திருக்கிறோம். யாரும் குறை சொன்னதில்லை.

ஆதி அண்ணன் ஒரு தடவை அந்தப் போட்டோவை அவர்களுடைய குழுவில் போட்டுவிட்டார், பெருமையாக. அங்கிருந்து வந்தது முழுக்கச் சிரிப்புப் பொம்மைகள். ஒருவர், இது எந்தப் போர், பஸ் கண்டக்டர்கள் போரா என்று கேட்டிருந்தார். அதைப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர், போனை அணைத்துப் பாக்கெட்டில் வைத்துவிட்டு, இறங்கும்வரை அதை வெளியே எடுக்கவில்லை. அன்றைக்கே முடிவு செய்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் ஒரே ஒரு தடவை, எவனும் அம்பு ஒட்ட முடியாதபடி இந்த நாடகத்தைப் போட்டுக்காட்ட வேண்டும். அது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் அவர் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

தைக்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. சிவப்புத் துணி குடியாத்தத்தில் சாயம் போட்டு வந்தது. கோட்டின் உடம்பு பிரச்சினை இல்லை, காலரும் கைமடிப்பும்தான் உயிரை வாங்கின. அந்த இரண்டுக்கும் ரெஜிமென்டுக்கு ஒரு நிறமாம். குழுவில் கேட்டால் ஒருவர் ஒரு நிறம் சொல்வார், இன்னொருவர் அது பத்து வருஷம் கழித்து வந்த நிறம் என்பார். வரைந்த படங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நான் ஒரு காலரை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். என் பொறுமை போய், செத்துப்போன சிப்பாய் எழுந்து வந்து கேக்கப் போறானா என்று கத்தியும் விட்டேன். அதற்கு அவர், கேட்டால் நாம் பதில் சொல்ல வேண்டாமா என்றார்.

தோல் பூவுக்குத் தோல் தந்தவர் இஷ்தியாக் அகமது பாய். கம்பெனியில் வரும் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். ஆம்பூர்க்காரர், ஆதி அண்ணனைவிட மூத்தவர். இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து ஒரே மேஜையில்தான் சாப்பாடு. பாய்க்குத் தடித்த, கனமான குரல். எங்கள் நாடகத்தில் உத்தரவை முதலில் எதிர்க்கிற கிழச் சிப்பாய் எப்போதும் அவர்தான். மக்காவுக்கு உம்ரா போய்வந்த பிறகு தாடி வளர்த்திருந்தார். மருதாணி போட்டுச் செம்பட்டையாக, மார்பைத் தொடும் தாடி. பேசும்போது அதைக் கையால் நீவிக்கொண்டே பேசுவார்.

தொப்பிகள் தயாரான அன்றைக்கு ஒரு வேடிக்கை. நாள் முழுக்க மாட்டுத்தோலிலும் எருமைத்தோலிலும் கை வைத்துப் பிழைக்கிறவர்கள் எல்லோரும், தொப்பியைக் கையில் வாங்கியதும் இது எந்தத் தோல் என்று கேட்டார்கள். பன்றித்தோல் இல்லையே, மாட்டுத்தோல் இல்லையே என்று. கையில் படுவது வேறு, தலையில் ஏறுவது வேறு என்று எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது. ஆட்டுத்தோல்தான், நானே பார்த்து எடுத்தேன் என்று இஷ்தியாக் பாய் சொன்ன பிறகுதான் ஒவ்வொருவராகத் தலையில் வைத்தார்கள். அந்தப் பழைய சிப்பாய்களுக்கு இப்படிச் சொல்ல ஒரு பாய் இல்லாமல் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகை எங்கள் சர்ச் கூடத்தில் ஞாயிறு சாயங்காலங்களில் நடந்தது. முதல் காட்சியில் வெள்ளைக்கார அதிகாரியாக வசந்த் உத்தரவை வாசிப்பான். மூத்த சிப்பாய் இஷ்தியாக் பாய் வரிசையை விட்டு ஓரடி முன்னால் வருவார். தாடியைக் கைக்குள் பிடித்துத் தூக்கிக் காட்டி, "இது உன் கம்பெனி குடுத்தது இல்ல தொரை" என்பார். அவ்வளவுதான் வசனம். ஒவ்வொரு ஒத்திகையிலும் அந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும். கடைசிக் காட்சியில் எல்லோரும் புது உடையில், புதுத் தொப்பியில் வரிசையாக நிற்பார்கள், அப்புறம் துப்பாக்கி வெடிக்கும். இடையில் உடை மாற்ற நேரம் கிடையாது. ஆகையால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே கோலம்.

நாள் நெருங்கியபோது ஆதி அண்ணன் தன் போனைப் பார்த்து எங்களுக்கு ஒன்றை வாசித்தார். நடிக்கிறவர்கள் யாரும் பொட்டு, விபூதி வைக்கக் கூடாது. கடுக்கனைக் கழற்ற வேண்டும். மீசையை எல்லோரும் ஒரே அளவில் வெட்ட வேண்டும். தாடை மழித்திருக்க வேண்டும். யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். வசந்த் மட்டும் சிரித்தான். சிப்பாய் வரிசையில் நிற்கும் குமரனுக்கு ஆவணியில் கல்யாணம். மீசையில் கை வைக்க மாட்டேன் என்று அப்போதே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டான். மற்றவர்கள் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். அந்த உத்தரவை ஆதி அண்ணன் வாசித்த தொனி வசந்த் மேடையில் வாசிக்கும் தொனியைவிட நன்றாக இருந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இஷ்தியாக் பாயிடம் அவர் தனியாகக் கேட்டார், சாப்பாட்டு மேஜையில். நானும் இருந்தேன்.

"தாடின்னா ஒட்டிக்கலாம் பாய். வெறுந்தாடைய எப்டி ஒட்டறது?"

பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா?" என்று கேட்டார்.

"எல்லாருக்குந்தான். உங்கள மட்டும் உட்டுட்டா நான் வேற எவனக் கேக்க முடியும்?"

பாய் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். டப்பாவை மூடினார். மழை வரும் போலிருக்கிறது என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் போனதும் ஆதி அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஒரு நாள் கூத்துக்கு மனுஷன் தாடியைக் கேட்பதா, அது அவருக்கு வெறும் மயிரா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே பேசினார். பாய் முன்வரிசையில் நிற்கிறார், போட்டோவில் அந்தத் தாடிதான் முதலில் தெரியும், அதைப் பார்த்ததும் மறுபடியும் சிரிப்பார்கள் என்றார். பின்வரிசைக்கு மாற்றலாமே என்றேன். மூத்த சிப்பாய் பின்னால் நிற்க மாட்டான், அதுவும் தப்பு என்றார். அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று என்னால் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்ட முடியவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் இஷ்தியாக் பாய் தாடி இல்லாமல் வேலைக்கு வந்தார்.

தோல் பிரிக்கிற கூடத்தில் எல்லோர் கையும் நின்றது. வெயில் படாமல் இருந்த தாடை வெளுத்து, வேறு யாருடைய முகத்திலிருந்தோ எடுத்து ஒட்டியது மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் பாய் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி ஆஸ்பத்திரி நாட்களை நினைவுபடுத்தினார். அவர் மனைவி அஃப்ஷா ஆஸ்பத்திரியில் இருந்த மாதத்தில் ஆதி அண்ணன் ரத்தம் கொடுத்ததும், ஷிஃப்ட் முடித்து நேராக அங்கே வந்து படுத்ததும் எனக்கும் தெரியும். "இத்தினி வருஷத்துல அவன் என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்லம்மா. இதத்தான் கேட்டான். நான் இன்னா பண்ணுவேன்?" அஃப்ஷா அக்கா நேற்று ராத்திரியிலிருந்து பேசவில்லையாம். விடியற்காலையில் பள்ளிவாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் தேவலை என்றார்.

ஆதி அண்ணன் வந்தார், பார்த்தார்.  பாயின் தோளில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அதன் பிறகு தன் மேஜைக்குப் போய், அன்றைக்கு ஒரு ஜோடிக்கும் அம்பு ஒட்டாமல் அனுப்பிக்கொண்டே இருந்தார். சூப்பர்வைசர் வந்து சத்தம் போடும்வரை அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் கோட்டை வாசலில் மாலை போடுகிறவர்கள் போட்டு, பேசுகிறவர்கள் பேசி முடித்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். சொல்லாமல் இருக்க முடியாது, அந்த வரிசை மேடை ஏறியபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. சிவப்புக் கோட்டு, குறுக்கே வெள்ளை வார், தலையில் தோல் பூ, ஒரே அளவு மீசைகள். கூட்டம் பேச்சை நிறுத்தியது. ஆதி அண்ணன் ஓரத்தில் நின்று பொத்தானிலிருந்து பூட்ஸ்வரை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் தேடுவது எனக்குத் தெரியும். ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

வசந்த் உத்தரவை வாசித்தான். தாடை மழிக்கப்பட வேண்டும் என்ற இடம் வந்ததும் இஷ்தியாக் பாய் ஓரடி முன்னால் வந்தார். கை தாடைக்குப் போனது.

அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை.

விரல்கள் வெறும் தோலைத் தொட்டு நின்றன. "இது" என்றார் பாய். மேலே வரவில்லை. வசந்த் காகிதத்தைப் பிடித்தபடி காத்திருந்தான். வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தார்கள். இத்தனை ஒத்திகை பார்த்த எனக்கு இது தோன்றவில்லை, எழுதி நடத்திய ஆதி அண்ணனுக்குத் தோன்றவில்லை, பாய்க்கே தோன்றவில்லை. மழிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டிய சிப்பாயை நாங்கள் மழித்துக் கூட்டிவந்திருந்தோம். மேடையில் ஏறி அவர் கையைப் பிடித்து இறக்கிவிட வேண்டும் போல் இருந்தது. 

கடைசியில் பாய் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். அது நாடகத்தில் இல்லாதது. அதை ஜாடை என்று எடுத்துக்கொண்டு யாரோ பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள், சண்டைக் காட்சி தொடங்கிவிட்டது, கூட்டம் கை தட்டியது. ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

நாடகம் முடிந்ததும் ஒரு காலேஜ் வாத்தியார் மேடைக்குப் பின்னால் வந்து, இவ்வளவு சரியான சிப்பாய் உடையைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்று ஆதி அண்ணனின் கையைக் குலுக்கினார். வசந்த் அதற்குள் போட்டோவை அண்ணனின் போனிலிருந்தே அந்த வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பியிருந்தான். பதில் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தது. குறையே இல்லை, குறையே இல்லை என்று. ஒரு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தை. அவர் போனைப் பார்க்கவே இல்லை. கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்த இஷ்தியாக் பாயின் எதிரில் போய் நின்றார். 

பாய் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோபமெல்லாம் இல்லை, யோசித்துக் கேட்பவர் மாதிரிதான் கேட்டார்.

"காயிதத்துல எழுதனானுங்க, சரி. தாடிய மழிச்சிக்கினு போயி நின்ன ஆளுங்கன்னா, அவங்களுக்குச் சண்டை எதுக்கு கேசவா?"

ஆதி அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். உத்தரவில் இருந்ததை அவர் ஒரு எழுத்து விடாமல் படித்திருந்தார். அந்தச் சிப்பாய்களின் முகங்கள் அதற்குப் பணிந்தனவா என்று கேட்க மறந்துபோனார். பாய் கோட்டை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்தில் தானும் உட்கார்ந்தார். உடுடா, வளந்துடும் என்றார். அதைச் சொல்ல வேண்டியவர் அவர் இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

கோட்டுகள் இப்போது எங்கள் சர்ச் கூடத்து அலமாரியில் இருக்கின்றன. அடுத்த வருஷம் நாடகம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேரும் பழையபடி ஒரே மேஜையில்தான் சாப்பிடுகிறார்கள், மழையைப் பற்றியும் கம்பெனியைப் பற்றியும் பேசுகிறார்கள். பேச்சு நடுவில் இஷ்தியாக் பாயின் கை பழக்கத்தில் தாடைக்குப் போகும். கொஞ்சம் முள்முள்ளாக வந்திருக்கிறது, பிடிக்கிற அளவுக்கு இல்லை. கை திரும்பி வரும்வரை ஆதி அண்ணன் தன் சாப்பாட்டு டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.